ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது? விசாரணைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: தம்பி ஒரு ஏஜென்சியில் கலெக்‌ஷன் வேலை பார்த்து, சம்பளத் தகராறில் நின்றுவிட்டான். கணக்கில் மூன்று லட்சம் குறைகிறது என்று பழைய முதலாளி புகார் கொடுத்திருக்கிறாராம். நேற்று மாலை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் போன் செய்து, "சின்ன விசாரணைதான், காலைல வந்துட்டுப் போப்பா" என்று சொல்லியிருக்கிறார். போகணுமா? போனால் உள்ளே வைத்துவிடுவார்களா? அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சட்டம் உங்கள் தம்பிக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, காகிதத்தில் ஏதாவது பதிவான பிறகுதான் வேலை செய்யும். நோட்டீஸ், எஃப்.ஐ.ஆர்., கைது குறிப்பு, டாக்டர் சீட்டு, ரிமாண்ட் (காவலில் வைக்கும்) உத்தரவு என்று ஒவ்வொரு காகிதமும் ஒரு பாதுகாப்பு. நம் ஊரில் மோசமானவை நடப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால், எந்தப் பதிவும் இல்லாத அந்தச் 'சின்ன விசாரணை' நேரத்தில்தான். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, நடப்பதை எல்லாம் எழுத்துக்குள் கொண்டுவருவது.

சரி, போனுக்கு வருவோம். வெறும் போன் அழைப்பை மதித்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். என்போம். அதில் ஒருவரைச் சாட்சியாக அழைக்க 179-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்க 35(3). இரண்டுமே எழுத்து மூலமான அழைப்பு. 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றுகூட 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் வாட்ஸ்அப்பில் வந்தால், செல்லாத நோட்டீஸ் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வக்கீல் மூலம் பதில் போடுங்கள்.

அதற்காகப் போனை எடுக்காமல் ஊரை விட்டுக் கிளம்புவதும் சரியில்லை. 'தலைமறைவு' என்று எழுத அதுவே போதும். நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டையோ எஸ்.ஐ.யையோ திரும்பக் கூப்பிட்டு மரியாதையாகவே பேசுங்கள்: "சார், தம்பி கண்டிப்பா வருவான். சி.எஸ்.ஆர். போட்டிருக்கா, எஃப்.ஐ.ஆர். ஆயிடுச்சா? நம்பர் சொன்னா வக்கீலோட வந்துடறோம். நோட்டீஸ் கொடுத்தா இன்னும் நல்லது." சி.எஸ்.ஆர். என்பது புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் போடும் பதிவு. இதையே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதமாக அனுப்பிவிடுங்கள். ஒத்துழைக்கத் தயார், எழுத்தில் அழைத்தால் வருகிறேன், இவர்தான் என் வக்கீல் என்று மூன்று விஷயம் இருந்தால் போதும். நாளைக்கு யாராவது 'விசாரணைக்கு வர மறுத்தார்' என்று எழுதினால் அந்தத் தபால் ரசீது பேசும்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா என்று தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. சில ஸ்டேஷன்களில் தாமதமாகும், அவ்வளவுதான்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வெறும் மனு விசாரணை என்றால் அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளியும் வந்திருப்பார். ஒரு ரூமில் உட்கார வைத்து, "பணத்தைக் கட்டிட்டுப் போ, இல்லன்னா எஃப்.ஐ.ஆர். போட்டு உள்ள தள்ளிடுவோம்" என்பார்கள். பணம் வசூல் செய்து தர போலீசுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது சிவில் கோர்ட்டின் வேலை. ஆனால் அந்த ரூமுக்குள்தான் புரோநோட்டிலும், தேதி போடாத செக்கிலும், 'நான் எடுத்தது உண்மை, மூன்று மாதத்தில் கட்டிவிடுகிறேன்' என்ற கடிதத்திலும் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்தப் பணக் கணக்கு வழக்குகளில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அப்புறம் அந்தச் செக் பவுன்ஸ் வழக்காகத் தனியாக ஓடும்.

அதனால் ஸ்டேஷனில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181 சொல்கிறது. நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கு, கைது குறிப்புக்கு, பொருள் கைப்பற்றிய மகஜருக்குப் போடும் கையெழுத்துகள் வேறு. அவற்றையும் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் தன் கையாலேயே எழுதிப் போட வேண்டும். வெள்ளைத்தாள் என்றால் யார் கேட்டாலும் கிடையாது. தம்பி உண்மையிலேயே கொஞ்சம் பணம் தர வேண்டியிருந்தால்? தரட்டும். வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து, கணக்குப் பார்த்து, வங்கி மூலம் தரட்டும். ஸ்டேஷன் மேஜையில் வேண்டாம்.

கைது செய்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். வேலைக்காரர் நம்பிக்கை மோசடி என்பது பாரதிய நியாய சன்ஹிதா 316(4). அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. 2024 ஜூலைக்கு முன்னால் நடந்ததாகப் புகார் இருந்தால் பழைய ஐ.பி.சி. 408 வரும், அதற்கும் 7 ஆண்டுதான். ஏன் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. கைது ஏன் அவசியம் என்று அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். மீறினால் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் கோர்ட் அவமதிப்பும் வரும். இயந்திரம் போல ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்ட்ரேட் மீதும் நடவடிக்கை என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2022-ல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில், இந்த விதியை மீறிக் கைது செய்தாலே ஜாமீன் கேட்கலாம் என்று இன்னும் அழுத்தினார்கள்.

நோட்டீஸ் வந்து தம்பி ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தால், எழுத்தில் காரணம் பதியாமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். எனவே நோட்டீஸ் கிடைத்தபின் ஒரு தேதியையும் தவறவிடக் கூடாது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் வரும்போதும் மணியைக் குறித்து வையுங்கள்.

தம்பி கிடைக்கவில்லை என்று அம்மாவையோ, தம்பி மனைவியையோ ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார்கள். இது நம் ஊரில் ரொம்பப் பழைய வழக்கம். சட்டப்படி செல்லாது. பெண்கள், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரிடம் விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். 179-வது பிரிவிலேயே இருக்கிறது. அவர்களாக விரும்பினால் போகலாம், கட்டாயப்படுத்த முடியாது.

இனி விசாரணை அறைக்குள். பெயர், ஊர், வேலை, எப்போது சேர்ந்தான், எப்போது நின்றான் என்பதற்கெல்லாம் பதில் சொல்லலாம். முறைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தால் நிலைமை கெடுமே தவிர நன்மை இல்லை. ஆனால் 'அந்த மூன்று லட்சம் எங்கே' என்று கேட்கும் இடம் வேறு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3). தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று பி.என்.எஸ்.எஸ். 180-லும் இருக்கிறது. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி தன் மீதான விசாரணையில் கேள்விகளுக்குப் பதில் தர மறுத்துப் போராடியதால் 1978-ல் வந்த தீர்ப்புதான் இதற்கு இன்றைக்கும் அடித்தளம். அதை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இந்தப் பாதுகாப்பு கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்றார்.

நடைமுறையில் தம்பி சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "கணக்கு சம்பந்தமான கேள்விக்கு என் வக்கீல்கிட்ட பேசிட்டு எழுத்துல பதில் தரேன் சார்." திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே வரி. பொய் மட்டும் சொல்லக் கூடாது. பயத்தில் உளறும் சின்னப் பொய்யை வைத்தே பிறகு முழுக் கதையையும் கட்டுவார்கள். 'நீ உண்மையைச் சொல்லிட்டா விட்டுடறோம்' என்பதை நம்பியும் எதையும் சொல்ல வேண்டாம். விடுவதும் விடாததும் அப்படிச் சொல்கிறவர் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

வக்கீல் கூடவே உட்காரலாமா என்றால், கைதாகி விசாரிக்கப்படும்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு, ஆனால் விசாரணை முழுக்க அல்ல என்று பி.என்.எஸ்.எஸ். 38-வது பிரிவு சொல்கிறது. அதனால் வக்கீல் ஸ்டேஷன் வாசலிலோ ரைட்டர் மேஜைக்கு எதிரிலோ உட்கார்ந்திருப்பார். அதுவே பெரிய வித்தியாசம் செய்யும். வக்கீல் கிடைக்காவிட்டால் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

ஒருவேளை மிரட்டலிலோ அடியிலோ 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லிவிட்டாலும் எல்லாம் முடிந்துபோகாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் இப்போது பாரதிய சாக்‌ஷிய அதினியம் 23-க்குள் இருக்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் சார்ஜ் ஷீட் தோறும் 'எதிரி தானாக முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின்பேரில் கைப்பற்றப்பட்டது' என்ற வரி வரும். 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். எல்லா மாவட்டத்து எதிரிகளும் ஒரே நடையில் தானாக முன்வருவது தமிழ்நாட்டின் அதிசயங்களில் ஒன்று. வாக்குமூலம் வாங்க அடிப்பதே தனிக் குற்றம். நியாய சன்ஹிதா 120-ன்படி அதற்கு 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை தண்டனை உண்டு.

செல்போனைக் கேட்பார்கள். வழக்குக்குத் தேவை என்று கைப்பற்றலாம், ஆனால் மகஜர் எழுதி, அதன் நகல் தர வேண்டும். இப்போது தேடுதலையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு சொல்கிறது. பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் ஐகோர்ட்டுகளுக்குள் ஒரே கருத்து இல்லை, அதனால் வக்கீலைக் கேட்காமல் திறந்து கொடுக்க வேண்டாம். கைரேகை, கையெழுத்து மாதிரி, குரல் மாதிரி ஆகியவற்றை மறுக்க முடியாது. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ போன்றவற்றைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. இது 2010-ல் செல்வி வழக்கில் முடிவான விஷயம். இன்னொன்று, போனைக் கொடுப்பதற்கு முன் தம்பி எதையும் அழிக்கக் கூடாது. ஆதாரத்தை அழிப்பது புதிதாக ஒரு குற்றம். அதோடு, அவனைக் காப்பாற்றப் போவதே அந்த மெசேஜ்களாக இருக்கலாம். வசூல் ரசீதுப் புத்தகம், வங்கியில் கட்டிய சலான், முதலாளி 'பணம் வந்துடுச்சு' என்று போட்ட மெசேஜ், சம்பளம் கேட்டு இவன் அனுப்பியது எல்லாவற்றையும் இன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வக்கீலிடம் கொடுங்கள்.

கைதே ஆகிவிட்டால், முதலில் கைது குறிப்பு. தேதி, நேரம் போட்டு, குடும்பத்தில் ஒருவரோ உள்ளூர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு வழக்கில் பிறந்த நடைமுறை இது, இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலேயே 36-வது பிரிவாக இருக்கிறது. அந்த நேரத்தை நன்றாகப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அழைத்துப் போய்விட்டு, மாலை ஆறு மணிக்குக் கைது என்று எழுதுவார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் தொடங்கியது போலக் காட்டத்தான் இது. நேரம் தவறாக இருந்தால் சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் வெளியே வந்ததும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தந்தி மாதிரி ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். அதில் இருக்கும் நேரத்தை யாரும் மாற்ற முடியாது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். முன்பு இது சில சிறப்புச் சட்டங்களுக்கு மட்டும் என்று வாதாடுவார்கள். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றத்துக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே எழுதித் தர முடியாவிட்டால் வாயால் சொல்லி, மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டியதும் போலீசின் கடமை.

அப்புறம் டாக்டர், மாஜிஸ்ட்ரேட். இந்த இரண்டு இடத்தைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைதாகி, டாக்டரிடம் போய், மாஜிஸ்ட்ரேட்டால் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகு இறந்தார்கள். காகிதம் எல்லாம் இருந்தது. நடுவில் இருந்த ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கோர்ட் வட்டாரத்தில் இன்னும் பேசுகிறோம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் கோயில் காவலாளிக்கு நடந்தது வேறு மாதிரி. நகை காணாமல் போன புகாரில், எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே தனிப்படை விசாரித்தது. அந்த விசாரணையிலேயே இறந்துபோனார், மாஜிஸ்ட்ரேட் வரை வரவே இல்லை.

ஆகவே டாக்டர் 'அடி ஏதும் இருக்கா' என்று கேட்டால், போலீஸ் பக்கத்தில் நின்றாலும் இருப்பதைச் சொல்ல வேண்டும். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லச் சொல்வார்கள். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில் மட்டும் ஏன் இவ்வளவு பேர் வழுக்குகிறார்கள், ஏன் கையும் காலும் மட்டுமே உடைகிறது என்று ஐகோர்ட்டே கேட்டாயிற்று. மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும்போது சத்தமாக, தானாகவே சொல்ல வேண்டியவை: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா, எங்கே வலி, காரணம் எழுதித் தந்தார்களா, வக்கீல் இருக்கிறாரா. ராத்திரி மாஜிஸ்ட்ரேட் வீட்டு வாசலில் நிறுத்தினாலும் இதே உரிமைதான். ஸ்டேஷன் கேமரா பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனுப் போடச் சொல்லுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவு அழிந்துவிட்டது என்று பதில் வருமுன் கேட்டுவிட வேண்டும்.

எங்கே கொண்டு போனார்கள் என்றே தெரியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கைதானவர்கள் விவரம் இருக்க வேண்டும், அங்கே கேளுங்கள். பதில் இல்லையென்றால் எஸ்.பி.க்குப் புகார், அடுத்து சென்னையிலோ மதுரையிலோ ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு.

உங்கள் தம்பி விஷயத்தில் என் கணிப்பு: எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் போவதற்கு முன்னாலேயே முன்ஜாமீன் மனுவைத் தயார் செய்யுங்கள். பி.என்.எஸ்.எஸ். 482, செஷன்ஸ் கோர்ட்டிலோ ஐகோர்ட்டிலோ போடலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும், கைது பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போடலாம் என்று 1980-லேயே தீர்ப்பு இருக்கிறது. பணக் கணக்கு வழக்குகளில் ஒரு தொகையைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி நிபந்தனை வரலாம். ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்வதும் சகஜம். ரிமாண்ட் ஆகிவிட்டால், இந்தப் பிரிவுக்கு 60 நாளில் சார்ஜ் ஷீட் போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் 61-ம் நாள் மனுப் போட்டிருக்க வேண்டும். சார்ஜ் ஷீட் வந்தபின் போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நான் சொன்னது சாதாரணக் கிரிமினல் வழக்குக்கு. போதைப்பொருள், அமலாக்கத்துறை, யு.ஏ.பி.ஏ. என்ற பயங்கரவாதத் தடைச் சட்டம், குண்டர் சட்டம் எல்லாம் வேறு கணக்கு, அவற்றில் ஜாமீனுக்கான படி மிக உயரம்.

வக்கீல் ஃபீஸுக்கு வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் அலுவலகம் இருக்கும். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தம்பி இன்னும் கைதாகாததால் அவனுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள், ஆதாரோடு வருமானச் சான்றும் கையில் எடுத்துப் போங்கள்.